மொழிக்காக நாடு துறந்தோர்

பிறந்த மண்ணைவிட்டு மனிதன் ஏன் பெயர்கிறான்? பெரும்பாலும் வயிறு துரத்துகிறது. பஞ்சம் துரத்துகிறது, போர் துரத்துகிறது, கடன்காரன் துரத்துகிறான். சில வேளைகளில் பொன்னாசை இழுத்துச் செல்கிறது. இவையெல்லாம் நாம் நன்கறிந்த காரணங்கள். ஆனால், பேசும் மொழியைக் காப்பாற்றிக்கொள்வதற்கென்றே மூட்டை கட்டிய மக்களும் உலகில் உண்டு. உற்றார் உறவினர் எவரும் பெயர்கூடக் கேட்டிராத ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து, அங்கேயாவது நம் மொழி வாழட்டும் என்று அவர்கள் கப்பலேறினார்கள். அவர்கள் வேல்ஸ் நாட்டினர். சென்ற இடம் தென்னமெரிக்காவின் தென்கோடியில் உள்ள பட்டகோனியா. ஆண்டு 1865.

அவர்கள் எண்ணியது ஈடேறிற்றா? நாடு மாறினால் மொழி பிழைக்குமா? இந்த வினாவுக்கு விடையாக அமைந்திருப்பது அவர்களுடைய வரலாறு. மொழியின்பால் பற்றுடைய எவரும் அதனை அறிந்திருத்தல் நலம்.

வேல்ஸ் இங்கிலாந்தின் மேற்கே ஒட்டிக்கிடக்கும் சிறு நாடு. அதன் மொழி ஆங்கிலத்தின் கிளையன்று. ஆங்கிலம் அத்தீவில் கால்வைப்பதற்கு முன்பே அங்கு வழங்கிய கெல்த்தியக் குடும்பத்து மொழியின் வழிவந்தது. எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1536-லும் 1543-லும் இயற்றப்பட்ட சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு பிணைத்தன. அன்றுமுதல் அரசு அலுவலுக்கும் அறமன்றத்துக்கும் ஆங்கிலமே மொழி. வேல்ஸ் மொழி மட்டும் அறிந்த உழவன், தன் ஊர் அறமன்றத்தில் தன் வழக்கே எப்படி நடக்கிறது என்பதை அறியாமல் நின்றான். மொழி வீட்டில் இருந்தது, வயலில் இருந்தது, வழிபாட்டுக் கூடத்தில் இருந்தது. ஆட்சி இருக்கும் இடத்தில் மட்டும் இல்லை.

நிலம் பெருநிலக்கிழார்களிடம் இருந்தது. அவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசியவர்கள், ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். உழுத மக்களோ அத்திருச்சபையிலிருந்து விலகித் தனிச்சபைகளாக இயங்கியவர்கள். ஆயினும் தாம் ஏற்காத சபையின் குருமாருக்கு அவர்கள் வரி செலுத்தவேண்டும்! விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் பிறந்த வரி அது. உழைப்பவன் ஒருவன், உண்பவன் வேறொருவன் என்னும் பழங்கதை அங்கும் நடந்தது. தேர்தலில் நிலக்கிழாரின் விருப்பத்துக்கு மாறாக வாக்களித்தவர்கள் குத்தகை நிலத்தை இழந்து வீதியில் நின்றார்கள். வாக்குச்சீட்டு இன்னும் மறைவாகாத காலம் அது. யார் எவருக்கு வாக்களித்தார் என்பது ஊரறிந்த செய்தி.

1847-இல் வேல்ஸ் நாட்டின் கல்விநிலை குறித்து மூன்று ஆணையாளர்கள் ஓர் அறிக்கை அளித்தார்கள். மூவரும் ஆங்கிலேயர், மூவரில் ஒருவருக்கும் வேல்ஸ் மொழி தெரியாது. தெரியாத மொழியில் படிக்கும் குழந்தைகளின் அறிவை அவர்கள் அளந்தார்கள்! ஏழைப் பள்ளிகளின் அவலத்தை அவர்கள் எடுத்துரைத்ததில் உண்மை இருந்தது. ஆனால் அவலத்துக்குக் காரணம் மொழி என்றார்கள். அம்மக்கள் ஒழுக்கம் குன்றியவர்கள் என்றும் எழுதினார்கள். நீல அட்டையிட்ட அந்த ஏடுகளை வேல்ஸ் மக்கள் இன்றளவும் ‘நீலப் புத்தகங்களின் துரோகம்’ என்றே குறிப்பிடுகிறார்கள்.

அக்காலப் பள்ளிகள் பலவற்றில் ஒரு தண்டனை வழக்கில் இருந்தது. வேல்ஸ் மொழி பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு சிறு மரப்பலகையைத் தொங்கவிடுவார்கள். அடுத்து அம்மொழி பேசும் குழந்தை எதுவோ, அதன் கழுத்துக்குப் பலகை மாறும். மாலையில் எவர் கழுத்தில் பலகை கிடக்கிறதோ அவருக்கு அடி. குழந்தையைக் குழந்தைக்கே ஒற்றனாக்கிய ஏற்பாடு இது! பெற்றோர் பலர் இதனைத் தடுக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆங்கிலம் சோறு போடும், தாய்மொழி சோறு போடாது என்று அவர்கள் நம்பவைக்கப்பட்டிருந்தார்கள். அடிமைத்தனம் முழுமை பெறுவது ஆள்பவன் அடிக்கும்போதன்று; அடிபடுகிறவன் அதனை நன்மை என்று எண்ணும்போது.

இந்நிலையைக் கண்டு மனம் புழுங்கியவர்களில் ஒருவர் மைக்கேல் டேனியல் ஜோன்ஸ். பாலா என்னும் ஊரில் சமயக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். மதத்தைப் பற்றி நாம் கொண்டிருக்கும் கருத்து வேறு. அவர் கருத்து வேறு. ஆயினும் மக்களின் நோயை அவர் சரியாகவே கண்டறிந்தார். இளமையில் அவர் அமெரிக்காவின் ஓகாயோ மாநிலத்துக்குச் சென்றிருந்தார். அங்கே குடியேறிய வேல்ஸ் மக்கள் வறுமையிலிருந்து மீண்டார்கள், மொழியை இழந்தார்கள். தந்தை வேல்ஸ் மொழியில் கேட்டால் மகன் ஆங்கிலத்தில் விடை சொன்னான். கூலி தேடி ஆங்கிலேயர் நடுவே போய் வாழ்ந்தால் மொழி கரைந்துபோகும் என்பதை அவர் கண்ணாரக் கண்டார்.

அவர் கண்ட தீர்வு இதுதான்: வெளியேறுவது தவிர்க்க இயலாததாயின், சிதறிப் போகாமல் சேர்ந்து போவோம், ஆங்கிலம் ஆளாத ஓரிடத்துக்குப் போவோம், அங்கே பள்ளியும் மன்றமும் கடையும் நம் மொழியிலேயே நடக்கட்டும். வான்கூவர் தீவு, பாலஸ்தீனம் என்று பல இடங்கள் பேசப்பட்டன. முடிவில் பட்டகோனியா தேர்ந்தெடுக்கப்பட்டது. அர்ஜென்டினா அரசு அந்நிலத்தைத் தனதென்று கூறியது. சிலி நாடும் அங்கே கண் வைத்திருந்தது. ஆள் குடியேறினால் உரிமை உறுதிப்படும் என்பது அர்ஜென்டினாவின் கணக்கு. ஆகவே குடும்பத்துக்கு ஏறத்தாழ 100 ஏக்கர் நிலம் தர அது முன்வந்தது. தனி ஆட்சி தருவதாக அது உறுதி கூறவில்லை. மொழிக்காக நிலம் தேடியவர்களும், நிலத்துக்காக ஆள் தேடிய அரசும் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். இருவர் எண்ணமும் வெவ்வேறு என்பது பின்னரே விளங்கிற்று.

லூயிஸ் ஜோன்ஸ் என்ற அச்சுத்தொழிலாளரும் லவ் ஜோன்ஸ் பாரி என்ற நிலக்கிழாரும் முன்சென்று பார்த்துவந்து, நல்ல நிலம் என்று அறிக்கை தந்தார்கள். ‘மிமோசா’ என்னும் பழைய தேயிலைக் கப்பல் அமர்த்தப்பட்டது. செலவில் பெரும்பகுதி மைக்கேல் ஜோன்ஸின் மனைவி ஆன் லாய்டின் சொத்திலிருந்து வந்தது. 1865 மே 28-ஆம் நாள் லிவர்ப்பூல் துறைமுகத்திலிருந்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் புறப்பட்டார்கள். சுரங்கத் தொழிலாளர், தையற்காரர், தச்சர், செருப்புத் தைப்பவர் எனப் பலர் இருந்தார்கள். ஏர்பிடித்துப் பழகியவர்கள் மிகச் சிலர். இரண்டு மாதக் கடற்பயணத்தில் குழந்தைகள் சில பிறந்தன, சில இறந்தன. சூலை 28-ஆம் நாளை அவர்கள் கரையிறங்கிய நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள்.

இறங்கியபோது அங்கே கடுங்குளிர்காலம். பசும்புல்வெளி என்று கேட்டு வந்தவர்களை வரவேற்றது முட்புதரும் சரளைமண்ணும். குடிக்க நன்னீர் இல்லை. ஆண்டுக்கு எட்டு அங்குல மழையே காணும் வறண்ட பூமி. ஆற்றங்கரையை அடைய நாற்பது மைல் நடக்கவேண்டும். சுபுத் ஆற்றின் பள்ளத்தாக்கில், செப்டம்பர் 15-ஆம் நாள், அர்ஜென்டினா அமைச்சர் ரோசனின் பெயரால் முதல் குடியிருப்பு நிறுவப்பட்டது. அந்த நாளில் அங்கே ஏற்றப்பட்ட கொடி எது? அர்ஜென்டினாவின் கொடி! ஏற்றியவர் அந்நாட்டுப் படைத்தலைவர். தனி வேல்ஸ் நாடு கனவு கண்டு வந்தவர்கள் முதற்கொடியிலேயே தம் எதிர்காலத்தைப் படித்திருக்கலாம். ஆனால் பசியோடு நிற்பவன் கொடியை அண்ணாந்து பார்ப்பதில்லை.

விதைத்தது காய்ந்தது. உழவறியாத கைகள் உழுததில் பயனில்லை. 1866-இல் அம்மண்ணின் பழங்குடியினரான தெவெல்சே மக்கள் வந்தார்கள். குடியேறியவர்கள் அஞ்சினார்கள். வந்தவர்களோ குதிரையேறி வேட்டையாடக் கற்பித்தார்கள். இறைச்சி தந்து ரொட்டி வாங்கிச் சென்றார்கள். ரொட்டியைக் குறிக்கும் ‘பாரா’ என்ற வேல்ஸ் சொல் அம்மக்களின் நாவிலும் ஏறிற்று. கிறித்தவ நாகரிகம் கற்பிக்க வந்தோம் என்று வெள்ளையர் எத்தனையோ நாடுகளில் மார்தட்டிய காலத்தில், இங்கே வெள்ளையருக்கு உயிர்வாழக் கற்றுக்கொடுத்தவர்கள் ‘காட்டுமிராண்டிகள்’ என்று இகழப்பட்டவர்கள்!

1867-இல் வேறிடம் போய்விடுவோம் என்று பெரும்பாலோர் முடிவு கட்டினார்கள். இன்னும் ஓராண்டு பொறுத்துப் பாருங்கள் என்று அமைச்சர் ரோசன் கேட்டுக்கொண்டார். அந்த ஆண்டில்தான் திருப்பம் நேர்ந்தது. ஆரன் ஜென்கின்ஸ் என்பவரின் நிலம் காய்ந்து கிடந்தது. அருகே ஆற்றுநீர் நிலத்தைவிட உயர்ந்து ஓடியது. கரையை வெட்டி நீரை வயலுக்கு விட்டால் என்ன என்று கேட்டவர் அவர் மனைவி ரேச்சல் என்று அக்குடியேற்றத்தார் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். வெட்டினார்கள், நீர் பாய்ந்தது, பயிர் எழுந்தது. பின்னர்ப் பள்ளத்தாக்கு முழுதும் வாய்க்கால்கள் ஓடின. கடலிலும் கரையிலும் கேட்ட வேண்டுதலுக்கு வாராத விளைச்சல், ஒரு பெண்ணின் கண்ணும் ஒரு மண்வெட்டியும் சேர்ந்தபோது வந்தது.

அவர்கள் அமைத்த ஆட்சியே நம் கருத்துக்கு முதன்மையானது. பன்னிருவர் அவை, தலைவர், நடுவர் என்று ஏற்பாடு செய்தார்கள். பதினெட்டு வயது நிரம்பிய எல்லோருக்கும் மறைமுக வாக்குரிமை. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. இதன் அருமையை ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் உணரலாம். பிரிட்டனில் மறைமுக வாக்கு வந்தது 1872-இல். ஆணோடு சமமாகப் பெண்ணுக்கு வாக்குரிமை வந்தது 1928-இல். அர்ஜென்டினாவில் பெண்ணுக்கு அவ்வுரிமை 1947-இல். எங்கோ ஒரு பாலைநிலத்தில் சுரங்கக்காரரும் தையற்காரரும் அவர்தம் மனைவியரும் இவர்களையெல்லாம் முந்திக்கொண்டார்கள்.

சட்டம் வேல்ஸ் மொழியில் எழுதப்பட்டது. வழக்கு அம்மொழியில் நடந்தது. பணத்தாளும் அம்மொழியில் அச்சாயிற்று. பள்ளியில் அம்மொழியே பயிற்றுமொழி. பெர்வின் என்னும் ஆசிரியர் குழந்தைகளுக்குப் பாடநூல் எழுதினார். 1885-இல் கூட்டுறவு வாணிகக் கழகம் தோன்றியது. 1888-இல் கடற்கரைக்கு இருப்புப்பாதை போடப்பட்டது. அதன் முனையில் எழுந்த ஊர் லூயிஸ் ஜோன்ஸின் பெயரால் திரெலெவ் எனப்பட்டது. 1891-இல் அவரே ஒரு செய்தியிதழைத் தொடங்கினார். அடுக்களைக்கும் வழிபாட்டுக்கும் மட்டுமே தகும் என்று இலண்டன் எள்ளிய மொழி, இங்கே கணக்கு எழுதிற்று, தீர்ப்பு வழங்கிற்று, கோதுமை விற்றது, புகைவண்டி விட்டது. மொழிக்குத் தகுதி இல்லை என்பது பொய், அதற்கு இடம் தரப்படவில்லை என்பதே மெய் என்று அவ்வாட்சி மெய்ப்பித்தது.

இந்த வாழ்வு எத்தனை ஆண்டு நீடித்தது? ஏறத்தாழ ஒரு தலைமுறை.

பயிர் விளையாத வரையில் அர்ஜென்டினா அரசு அவர்களை அவர்கள் போக்கில் விட்டிருந்தது. விளையத் தொடங்கியதும் அதிகாரிகள் வந்தார்கள். 1884-இல் அப்பகுதி நடுவணரசின் நேர் ஆட்சிக்கு உட்பட்ட சுபுத் மண்டிலமாக்கப்பட்டு ஆளுநர் அமர்த்தப்பட்டார். அதே ஆண்டில் கட்டாயக் கல்விச் சட்டமும் வந்தது. கல்வி இலவசம், மதச்சார்பற்றது, எல்லோருக்கும் உரியது. நல்ல சட்டம்தான், நாமும் பாராட்டக்கூடிய சட்டம். ஆனால் எந்த மொழியில்? அங்கேதான் முள் இருந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் பள்ளியின் மொழி ஸ்பானியமாயிற்று. இளைஞர்கள் ஞாயிறுதோறும் படைப்பயிற்சிக்கு வரவேண்டும் என்று ஆணை பிறந்தது. குடியேறியவர்கள் முறையிட்டார்கள், இலண்டனுக்குத் தூதுகூட அனுப்பினார்கள். எந்த ஆட்சியை வெறுத்துக் கடல் கடந்தார்களோ, அந்த ஆட்சியின் வாயிலிலேயே உதவி கேட்டு நின்றார்கள்!

அதே ஆண்டுகளில் இன்னொரு கொடுமையும் நடந்தது. 1870-களின் இறுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் அர்ஜென்டினாப் படை பட்டகோனியப் பழங்குடியினரை வேட்டையாடியது. ‘பாலைவன வெற்றி’ என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். மக்கள் வாழ்ந்த நிலத்தைப் பாலைவனம் என்று அழைப்பது நில அபகரிப்பின் முதற்படி. 1883-இல் வேல்ஸ் குடியேறிகள் தெவெல்சே மக்களுக்கு இரங்கி மனுக் கொடுத்தார்கள், பயன் விளையவில்லை. ஜான் டேனியல் எவன்ஸ் என்ற குடியேறி வால்செட்டா என்னும் இடத்தில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டிருந்தவர்களைக் கண்டார். அவர்களுள் ஒருவன் அவருடைய இளமைத் தோழன். ரொட்டி கேட்டு அவன் எழுப்பிய குரலில் அந்த ‘பாரா’ என்ற சொல் இருந்தது. எவன்ஸ் பின்னர் அவனை மீட்கத் திரும்பி வந்தார். அதற்குள் அவன் இறந்துவிட்டான்.

இந்தப் பகுதியை நாம் விரைந்து கடந்துவிடக் கூடாது. தம் மொழிக்கு இடம் தேடியவர்கள் நல்லவர்களாகவே இருந்தார்கள். அண்டை வீட்டாராகப் பழகினார்கள். அவர்களுக்காகக் குரலும் கொடுத்தார்கள். ஆயினும் அவர்கள் உழுத நிலம் வேறொரு மக்களின் வேட்டைநிலம். அவர்கள் வருகையால்தான் அரசின் உரிமை அங்கே வேரூன்றிற்று. ஒடுக்கப்பட்டவன் தப்பிச் செல்லும் இடம் பெரும்பாலும் வேறோர் ஒடுக்கப்பட்டவனின் வீடாக இருக்கிறது. தெவெல்சே மொழியைக் காக்க எந்தக் கப்பலும் புறப்படவில்லை. பிறப்பிலேயே அதனைக் கேட்டு வளர்ந்து பேசுவோர் இன்று இல்லை.

1899-இல் பெருவெள்ளம் வந்து வீடுகளையும் வழிபாட்டுக் கூடங்களையும் அடித்துச் சென்றது. 1902-இல் இருநூறுக்கும் மேற்பட்டோர் மீண்டும் மூட்டை கட்டிக் கனடாவுக்குப் போனார்கள். மொழிக்காகப் பிரிட்டனைத் துறந்தவர்கள் பிரிட்டன் கொடி பறந்த நாட்டுக்கே போய்ச் சேர்ந்தார்கள். எஞ்சியவர்கள் மண்ணோடு ஒன்றினார்கள். அதே 1902-இல் மலையடிவாரக் குடியிருப்புகள் எந்த நாட்டைச் சேர்ந்தவை என்ற எல்லை வழக்கில், தாங்கள் அர்ஜென்டினாவைச் சேர்ந்தவர்கள் என்று அங்கிருந்த வேல்ஸ் மக்கள் எடுத்துரைத்தார்கள். 1914-இல் முதல் உலகப்போர் மூண்டபின் புதிய குடியேற்றம் நின்றது. பள்ளியில் ஸ்பானியம் படித்த பேரப்பிள்ளை, பாட்டியிடம் மட்டும் வேல்ஸ் மொழி பேசினான். பாட்டி மறைந்தபின் அதையும் விட்டான். ஓகாயோவில் மைக்கேல் ஜோன்ஸ் கண்ட காட்சி, ஆங்கிலத்துக்குப் பதில் ஸ்பானியம் என்ற ஒரே மாற்றத்தோடு, அவர் தேர்ந்த நாட்டிலும் அரங்கேறியது.

இனி, கப்பலேறாமல் ஊரிலேயே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்ப்போம். அங்கும் மொழி தேய்ந்தது. 1891 கணக்கெடுப்பில் வேல்ஸில் பாதிக்கு மேற்பட்டோர் அம்மொழி பேசினர். 1961-இல் நான்கில் ஒரு பங்கினரே பேசினர். ஆனால் சிலர் விழித்தார்கள். 1939-இல் அபரிஸ்ட்வித் நகரில் ஏழே குழந்தைகளோடு வேல்ஸ் மொழிப் பயிற்றுப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. 1952-இல் சுரங்கத் தொழிலாளரான டிரெவர் பீஸ்லியும் அவர் மனைவி ஐலீனும், வீட்டுவரிக் கேட்புத்தாள் எங்கள் மொழியில் வந்தாலன்றி வரி கட்டோம் என்றார்கள். வழக்குமேல் வழக்கு வந்தது. வீட்டுச் சாமான்களை அமீனாக்கள் தூக்கிச் சென்றார்கள். எட்டாண்டு கழித்து 1960-இல் இருமொழித் தாள் அவர்கள் வீட்டுக்கு வந்தது! ஒரு காகிதம்தானே என்று கேட்பவர்களுக்கு அந்தக் காகிதத்தின் விலை தெரியாது.

1962-இல் சாண்டர்ஸ் லூயிஸ் என்ற எழுத்தாளர் வானொலியில் மொழியின் விதியைப் பற்றி உரையாற்றினார். அவ்வாண்டே மொழிக் கழகம் ஒன்று எழுந்தது. இளைஞர்கள் மறியல் செய்தார்கள், சிறை சென்றார்கள். 1967-லும் 1993-லும் மொழிச் சட்டங்கள் வந்தன. 1982-இல் தனித் தொலைக்காட்சி வந்தது. 2011-இல் வேல்ஸ் மொழிக்கு ஆட்சிமொழித் தகுதி சட்டப்படி உறுதியாயிற்று. 2021 கணக்கின்படி ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனைப் பேசுகின்றனர். மக்கள்தொகையில் அது 17.8 விழுக்காடு, போராட்டம் முடிந்துவிடவில்லை. ஆனால் அறமன்றத்தில் ஊமையாய் நின்ற மொழிக்கு இன்று சட்டமன்றம் இருக்கிறது.

பட்டகோனியாவிலும் அம்மொழி அடியோடு மாண்டுவிடவில்லை. சில ஆயிரம்பேர் இன்றும் பேசுகிறார்கள். 1965-இல் நூற்றாண்டு விழா இரு நாட்டு உறவைப் புதுப்பித்தது. 1997 முதல் வேல்ஸிலிருந்து ஆசிரியர்கள் அங்கே அனுப்பப்படுகிறார்கள். திரெலெவிலும் திரெவெலினிலும் வேல்ஸ் மொழியும் ஸ்பானியமும் கற்பிக்கும் பள்ளிகள் எழுந்துள்ளன. எதைக் காப்பாற்றக் கப்பல் புறப்பட்டதோ, அதனைக் காப்பாற்றத் தாயகத்திலிருந்து ஆசிரியர் விமானமேறிப் போகிறார். ஊரில் நின்று போராடியவர்கள் வென்றதனால், ஊரைவிட்டுப் போனவர்களின் பேரர்களுக்கும் மொழி திரும்பக் கிடைக்கிறது.

இதனால் போனவர்களைக் கோழைகள் என்று நாம் சொல்லமாட்டோம். அவர்கள் அடைந்த துன்பத்தில் பத்தில் ஒரு பங்கையும் தாங்காதவர்கள் அவர்களைப் பழித்தல் தகாது. தம் மொழி ஆளத் தகுந்தது என்று முப்பதாண்டு ஆண்டு காட்டினார்கள், அது பெருஞ்செயல். ஆனால் அவர்கள் கண்டறியாத ஒன்றை அவர்கள் வாழ்வு நமக்குக் காட்டுகிறது. அரசு இல்லாத நிலம் உலகில் இல்லை. எண்ணாயிரம் மைல் கடந்தாலும் அங்கே ஒரு கொடி நிற்கும். அந்தக் கொடிக்கு ஒரு மொழி இருக்கும். அந்த மொழி ஒருநாள் பள்ளிக்கூடத்தின் கதவைத் தட்டும். எனவே மொழியின் உயிர் தொலைவில் இல்லை. பள்ளியிலும், அறமன்றத்திலும், வரிக் கேட்புத்தாளிலும் இருக்கிறது. அவற்றைக் கைப்பற்றாமல் கடலைக் கடந்து பயனில்லை.

வகுப்பறையில் நிற்கின்ற நமக்கு இது வெறும் அயல்நாட்டுக் கதையன்று. மொழிக்காகச் சிறை புகுந்தோரின் வழிவந்த தலைமுறை நாம். அன்று வேல்ஸ் நாட்டுப் பெற்றோர் சொன்ன அதே சொல்லை, தாய்மொழி சோறு போடுமா என்ற அந்தச் சொல்லை, இன்று நம் தெருவிலும் கேட்கிறோம். கழுத்தில் பலகை தொங்கவில்லை. தமிழில் பேசினால் தண்டம் என்று சொல்லும் பள்ளிகள் மட்டும் இருக்கின்றன. வேல்ஸ் மக்கள் அந்தக் கேள்விக்கு முதலில் கப்பலில் விடை தேடினார்கள். பிறகு ஏழு குழந்தைகள் அமர்ந்த ஒரு வகுப்பறையில் கண்டார்கள். நாமும் அங்கேயே தொடங்குவோம்.